ஒன்று புள்ளி மூன்று

கோயா, அக்டோபர் 9

ஹெபேவுக்கு,

ஆறு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சமாதானம் பேசுவதற்கு அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் நீ தெற்கே கிளம்பியபோது பஸ் நிலையத்தில் உன் அண்ணன் நான் வந்து நின்றதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஏறிப் போனவள் நீ. அதை நான் மறக்கவில்லை.

விஷயம் இதுதான். நேற்று கார்சா தீவிலிருந்து, அங்கே நம் வெள்ள எச்சரிக்கைப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெனிசியா போன் செய்தாள். அங்கே தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். அந்தக் கனத்த உடம்பை வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறாள். "என்ஜினியரே, பெட்டி திரையில ஒன்னு புள்ளி இருவத்தஞ்சுன்னு காட்டுது. மார்ச்ல நீங்க சொன்னது ஒன்னு புள்ளி மூணு இல்ல?" என்றாள். மாதம் பிறந்தால் அந்த எண்ணை நோட்டில் எழுதி வைக்கச் சொன்னது நான்தான். ஏழு மாதமாக ஒரே எண்ணை எழுதி வந்திருக்கிறாள். "ஏம்மா இவ்ளோ நாளா கேக்கல?" என்று கத்தினேன். "மூணு பெருசா இருவத்தஞ்சு பெருசான்னு எனக்கே சந்தேகம். படிச்சவங்க கிட்ட எப்படிக் கேக்குறது?" என்கிறாள்.

1.25-இல் என்ன கோளாறு என்று உனக்குத் தெரியும். ஆற்றில் ஆகாயத்தாமரை மொத்தமாக அடித்துக்கொண்டு வந்து, மட்டம் அளக்கும் மிதவையில் சிக்கினால் மிதவை நகராது. நகராத மிதவையைப் பார்த்து என் நிரல் "நீர்மட்டம் நிலையாக உள்ளது" என்று சொல்லும். தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், சங்கு ஊதாது. அதைச் சரிசெய்யத்தான் 1.3 எழுதினேன். நீதான் அதை மென்பொருள் பொதியாகக் கட்டி, கார்பிஞ்சோ குழுவின் இணையக் கிடங்கில் ஏற்றினாய். பெட்டிகள் ஏழும் தினமும் மதியம் கிடங்கைக் கேட்டு, புதியது இருந்தால் தானே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கார்சாவில் திரை மட்டும் பழைய எண்ணைக் காட்டுகிறதா, அல்லது வேறு ஏதாவதா? ஒரு வரியில் பதில் போதும்.

ஓவிதியோ


கோமொதோரோ, அக்டோபர் 12

மதிப்புக்குரிய திரு. ஓவிதியோ சலசார் அவர்களுக்கு,

தாங்கள் கேட்டது ஒரு வரி. அது இது: திரையில் தவறில்லை, அங்கே ஓடுவது 1.25 தான்.

மீதி வரிகள் தாங்கள் கேட்காதவை. மார்ச் மாதம் தங்களுக்குச் சொன்னேன்: கணினி பதிப்பு எண்ணைத் தசமமாகப் படிப்பதில்லை. புள்ளி அதற்கு ஒரு வேலி மட்டும்தான். வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இருபத்தைந்து. தங்கள் புதியதில் அந்தப் பக்கம் மூன்று. இருபத்தைந்தை வைத்திருப்பவனிடம் மூன்றைக் கொடுத்தால் "இது பழசு" என்று தள்ளிவிடுவான். உலகத்தில் லினக்ஸ் பொதி கட்டுகிற எல்லோரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். எனவே ஒரு பூஜ்யம் சேர்த்து 1.30 என்று பெயர் வைக்கச் சொன்னேன்.

தாங்கள் என்ன பதில் எழுதினீர்கள் என்று நினைவிருக்கிறதா? எனக்கு மட்டும் எழுதவில்லை. கார்பிஞ்சோ குழுவின் பொது மின்னஞ்சல் பட்டியலில், எட்டு நாட்டுக்காரர்கள் படிக்கும் இடத்தில் எழுதினீர்கள். "முப்பது வருஷம் நிலம் அளந்தவனுக்கு எது பெரிய எண் என்று தெரியும். என் தங்கை லேபிள் ஒட்டுகிற வேலையைப் பார்க்கட்டும், கணக்கை என்னிடம் விட்டுவிடட்டும்." பன்னிரண்டு வருடம் அந்தக் குழுவில் நூற்று நாற்பது பொதிகளைப் பராமரித்தவளைப் பற்றித் தாங்கள் எழுதியது அது. ஹவானாவிலிருந்து ஒருவர் சிரிக்கும் முகம் வேறு போட்டிருந்தார்.

எனவே லேபிள் ஒட்டினேன். 1.3 என்றீர்கள், எழுத்துப் பிசகாமல் 1.3 என்றே ஏற்றினேன். பெரிய திட்டங்களில் இப்படிச் செய்தால் கிடங்கே திருப்பி அனுப்பிவிடும். நம்முடையது சின்னது, எச்சரிக்கை மட்டும் வந்தது. "இது ஏற்கெனவே உள்ளதைவிடப் பழையது. தொடரலாமா?" ஆம் என்று அழுத்தினேன்.

இப்படிக்கு,
ஹெபே சலசார்


கோயா, அக்டோபர் 13

ஹெபே,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

தெரிந்தே செய்தாயா? பெட்டி எடுத்துக்கொள்ளாது என்று தெரிந்தே ஏற்றினாயா? என் மேல் கோபம் என்றால் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். வீட்டுக்கு வந்து என் மண்டையில் மாத்தே தேநீர்க் குடுவையைக் கவிழ்த்திருக்கலாம். நான் பேசியது தப்பு. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன், மார்ச்சில் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குக் கீழே நானா குடியிருக்கிறேன்?

காலையிலிருந்து ஏழு இடத்துக்கும் போன் போட்டேன். ஏழிலும் 1.25. ஒன்றுகூட மாறவில்லை. ஏழு மாதமாக நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். மே மாதம் நகரசபையில் நின்று "கோளாறு சரிசெய்யப்பட்டுவிட்டது" என்று சொன்னேன், கைதட்டினார்கள்.

மேலே பிரேசிலில் பத்து நாளாக மழை. இங்கே ஆற்று மட்டம் இன்று 4.10 மீட்டர். கார்சா தீவு 5.60-க்கு முழுகும். அங்கே பதினொரு குடும்பம்.

சரி செய். 1.30 என்று வை, 1.300 என்று வை, உனக்கு என்ன பிடிக்கிறதோ அதை வை. இனி எண்ணைப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ஓவிதியோ


கோமொதோரோ, அக்டோபர் 15

அண்ணா,

என்னால் முடியாது.

கோபத்தில் சொல்லவில்லை. நான் ஏப்ரல் முப்பதாம் தேதி குழுவிலிருந்து விலகினேன். விலகினால் மின்னணுக் கையொப்பச் சாவியை நீக்கிவிடுவார்கள், அது வழக்கம். என் சாவியில்லாமல் நான் அனுப்பும் எதையும் கிடங்கு தொடக்கூடத் தொடாது. நேற்று மதியம் வேலை நேரத்திலேயே முயன்று பார்த்தேன். "அறியப்படாத நபர்" என்று வந்தது. பன்னிரண்டு வருடம்.

தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறாய். தெரிந்துதான். ஒரு வாரத்தில் நீ கவனிப்பாய், "தங்கச்சி, நீ சொன்னதுதான் சரி, அந்தப் பூஜ்யத்தைப் போட்டுத் தொலை" என்று போன் செய்வாய் என்று நினைத்தேன். நீ கேட்டதும் மாற்றிவிடுவது, ஐந்து நிமிட வேலை, என்று திட்டம் போட்டிருந்தேன். ஒரு வாரம் காத்திருந்தேன். இரண்டு வாரம். நீ கூப்பிடவில்லை. அப்புறம் இந்தத் துறைமுக வேலை, வீடு மாற்றம், இந்த ஊர்க் காற்று. மறந்துவிட்டேன், அண்ணா. நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. ஏழு பெட்டிகளை நான் சுத்தமாக மறந்துவிட்டேன் என்பதுதான் நடந்தது.

சாவி வைத்திருப்பவர்களில் நம் பொதியைத் தொடக்கூடியவர் ஒருவர்தான் இருக்கிறார், அசுன்சியோனில் சதுர்னினோ போகாதோ. தங்கமான மனிதர். அவருக்கு எழுதிவிட்டேன். சிக்கல் என்னவென்றால் இது அக்டோபர். நவம்பர் வெளியீட்டுக்கு முன்னால் எல்லாம் உறைவில் இருக்கும், புதிதாக எதுவும் உள்ளே போகாது.

நீ உன் பக்கத்தில் 1.30 என்று மாற்றி வெளியிடு. நான் அவரைப் பிடிக்கிறேன்.

ஹெபே


கோயா, அக்டோபர் 19

ஹெபே,

உன் கடிதம் வந்த பத்தாவது நிமிடம் 1.30 என்று மாற்றிவிட்டேன். ஒரு பூஜ்யம். ஒரு விசை. இதற்காகவா நாம் ஆறு மாதம் பேசாமல் இருந்தோம்?

கிடங்கை நம்பி உட்கார்ந்திருக்க முடியவில்லை. படகோட்டி மின்சோவைப் பிடித்து, மடிக்கணினியோடு ஒவ்வொரு இடமாகப் போய்க் கையாலேயே மாற்றிக்கொண்டு வருகிறேன். பெட்டியைத் திறந்து, வயரைச் செருகி, கிடங்கில் உள்ள உன் 1.3 பொதியையே கொடுத்து, "ஆமாம், பழசுதான், பரவாயில்லை, போட்டுக்கொள்" என்று அதட்டினால் கேட்கிறது. யாரும் நோண்டக் கூடாது என்று விசைப்பலகை வைக்காமல் மூடி போட்டு முடுக்கியவன் நான்தான். இல்லாவிட்டால் போனிலேயே சொல்லிக்கொடுத்திருக்கலாம். மூன்று முடிந்தது. இடுப்பு எலும்பு படகின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

கார்சா கடைசி. அதுதான் தூரம்.

பெனிசியாவிடம் போனில் பேசினேன். "பெட்டியை நம்பாதே, கரையில ஒரு குச்சி நட்டு கண்ணால பாரு" என்றேன். அவள் சிரித்தாள். "என்ஜினியரே, ரெண்டு வருஷம் முன்னாடி நீங்கதானே வந்து என் கடை முன்னாடி நின்னுக்கிட்டு, கண்ணு ஏமாத்தும் பெனிசியா, மெஷின் ஏமாத்தாதுன்னு சொன்னீங்க? ஊரையே கூட்டி வச்சு சொன்னீங்க. இப்ப நான் போய் மாத்திச் சொன்னா என்னைத்தான் கிறுக்கின்னு சொல்வாங்க."

நான் சொல்லியிருக்கிறேன். அதே வார்த்தைகள்தான்.

இன்று 4.55.

ஓவிதியோ


கோமொதோரோ, அக்டோபர் 23

அண்ணா,

நல்ல செய்தி இல்லை, படித்துக் கத்தாதே.

சதுர்னினோ அன்றைக்கே தயாராக இருந்தார். 1.30-ஐக் கட்டி அனுப்பினார். வெளியீட்டுக் குழு திருப்பி அனுப்பிவிட்டது: ஆசிரியர் புதிய எண்ணோடு வெளியிட்டால் அது புதிய பதிப்பு, உறைவுக் காலத்தில் புதிய பதிப்புக்கு இடமில்லை. "உள்ளே ஒரு எழுத்துக்கூட மாறவில்லையே" என்றார் அவர். "எண் மாறியிருக்கிறதே" என்றார்கள். நீ மாற்றாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. நான்தான் மாற்றச் சொன்னேன்.

1.3-ஐ அப்படியே வைத்துக்கொண்டு பெட்டியை ஏற்க வைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, "1.25+உண்மையில்1.3" என்று பெயர் வைப்பது. மேலே பொய், உள்ளே உண்மை. நம் தொழிலில் இது வழக்கமான தந்திரம்தான். இரண்டாவது, முன்னால் ஒரு யுக எண் போடுவது: 1:1.3. யுகம் இருந்தால் கணினி பின்னால் உள்ள எதையும் ஒப்பிடாது, புது யுகம் எப்போதும் பெரியது. ஆனால் போட்ட யுகத்தை எடுக்க முடியாது. அந்தப் பொதி உயிரோடு உள்ளவரை ஒட்டிக்கொண்டே இருக்கும். அதனால் யுகம் போட எல்லோரும் பட்டியலில் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்த விதியை எட்டு வருடம் முன்பு எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

பேசுகிறார்கள். ஐந்து நாளாகப் பேசுகிறார்கள். இதுவரை அறுபத்திமூன்று கடிதம். கீத்தோக்காரர் "உண்மையில்" என்ற சொல் அழகாக இல்லை என்கிறார். ஹவானாக்காரர் யுகம் என்பது சோம்பேறிகளின் வழி என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். ஒருவர் மூன்றாவதாக ஒரு முறை கண்டுபிடித்து அதற்கு அட்டவணை போட்டிருக்கிறார். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் மரியாதையாக, பொறுமையாக, சம்பளமில்லாமல் பேசுகிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஆறு ஏறுகிறது, பதினொரு குடும்பம் என்று நான் நான்கு முறை எழுதினேன். நான் இப்போது உறுப்பினர் இல்லை அல்லவா, என் கடிதங்கள் ஒப்புதலுக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றுதான் வெளியே போயிருக்கிறது. அதற்கு வந்த பதில்: "உணர்ச்சியைத் தவிர்த்து எண்ணைப் பற்றி மட்டும் பேசுவோம்."

ஒரு காலத்தில் நானே மற்றவர்களுக்கு இதே வரியை எழுதியிருக்கிறேன்.

ஹெபே


கோயா, அக்டோபர் 27

ஹெபே,

ஆறு இடம் முடிந்தது. கார்சா முடியவில்லை.

நேற்று காலை மின்சோ படகை எடுத்தான். இரண்டு வளைவு தாண்டியதும் ஆற்றின் அகலம் முழுக்க ஆகாயத்தாமரை, நடு நடுவே வேரோடு மரங்கள். மோட்டாரில் சிக்கி இரண்டு தரம் நின்றது. "திருப்புறேன் என்ஜினியரே" என்றான். "இன்னும் ஒரு மணி நேரம்தான்டா, மெதுவாப் போ" என்றேன். "மெதுவாப் போனா மெதுவாச் சாவோம், வேகமாப் போனா வேகமாச் சாவோம். எனக்கு அந்த அவசரம் இல்ல" என்று திருப்பிவிட்டான். பணம் தருகிறேன் என்றேன். காது கேட்காதவன் மாதிரி ஓட்டினான். கரைக்கு வந்தபோது ஆற்றுக் காவல் படை ஆள் நின்றான், எல்லாப் படகுக்கும் தடை.

கார்சா பக்கத்து டவரில் மின்சாரம் இல்லை, பெனிசியாவின் போன் போகவில்லை. ரேடியோவில் பொதுவாக "கரையோர மக்கள் கவனமாக இருக்கவும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வருடா வருடம் சொல்வதுதான். மற்ற தீவுக்காரர்கள் பயந்து வெளியேறுவார்கள். கார்சாக்காரர்கள் நகர மாட்டார்கள், அவர்களிடம் பெட்டி இருக்கிறது.

பெட்டிக்கும் அதன் வானொலி இணைப்புக்கும் தனி மின்கலம், அது மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. இங்கிருந்து பார்த்தால் தெரிகிறது: தினமும் பன்னிரண்டு மணிக்கு வந்து கிடங்கைக் கேட்டுவிட்டுப் போகிறது. அதோடு பேச எனக்கு வேறு எந்த வழியும் வைக்கவில்லை, பாதுகாப்புக்காக. கிடங்கு சொன்னால் மட்டும் கேட்கும்.

5.20. என்ன செய்வது என்று தெரியவில்லை, ஹெபே. உன் ஆட்களிடம் கெஞ்சு. என் பெயரில் கெஞ்சு. நான் எழுதியது அகம்பாவம் என்று பட்டியலில் போடு.

ஓவிதியோ


கோமொதோரோ, அக்டோபர் 29

அண்ணா!

முடிந்தது. மாலை ஐந்து மணிக்குச் சதுர்னினோ யுகம் போட்டு ஏற்றிவிட்டார். ஒப்புதலுக்குக் காத்திருக்கவில்லை. "பிறகு என்னை நீக்கினாலும் நீக்கட்டும், அசுன்சியோனிலும் ஆறு ஓடுகிறது" என்று ஒரே வரி எழுதினார். நான் அலுவலகத்திலேயே அழுதுவிட்டேன். பக்கத்து மேசைக்காரி "வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா?" என்று கேட்டாள்.

கிடங்கிலிருந்து கொரியென்தெஸ் நகல் கிடங்குக்குப் போய்ச் சேர ஒரு நாள் ஆகும். அதைத்தான் பெட்டி கேட்கும். நாளை மதியத்துக்குள் வராது, கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளை மறுநாள் மதியம் பன்னிரண்டுக்கு நிச்சயம். முப்பத்தொன்றாம் தேதி. பெட்டி எடுத்துக்கொண்டதும், மிதவை சிக்கியிருந்தால் அந்த நிமிடமே சங்கு ஊதும்.

இணைப்பைப் பார்த்துக்கொண்டே இரு. எண் மாறியதும் எனக்கு எழுது. நேரம் எதுவாக இருந்தாலும் எழுது.

ஹெபே


கோயா, நவம்பர் 7

ஹெபே,

எட்டு நாளாக உன் கடிதங்களுக்குப் பதில் எழுதவில்லை. எழுத வரவில்லை.

தண்ணீர் முப்பதாம் தேதி காலையில் வந்தது. ஏழரை மணிக்குப் பின்பக்க ஓடை உடைத்துக்கொண்டு தீவுக்குள் இறங்கியிருக்கிறது. பெனிசியாவின் பக்கத்து வீட்டு ரமோனா சொன்னாள், நகரப் பள்ளிக்கூடத்தில் பாய் மேல் உட்கார்ந்திருக்கிறாள், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள்: "பெனிசியா, தண்ணி வருது, கெளம்பலாம்னு கூப்ட்டோம். அவ ஓடிப்போய் திரையப் பாத்துட்டு வந்தா. நிலையா இருக்குன்னுதான் காட்டுது, ஓடைத் தண்ணிதான், வடிஞ்சிரும், சங்கு ஊதலையேன்னா. நாங்களும் மூட்டைய எறக்கி வச்சிட்டோம்."

எட்டரைக்கு முழங்கால். ஒன்பதுக்கு இடுப்பு. அதற்குமேல் யாரும் யாரையும் கேட்கவில்லை. இருந்த நான்கு படகில் முப்பத்தெட்டுப் பேர் ஏறிவிட்டார்கள். ரமோனாவின் மாமனாரால் நடக்க முடியாது, அவரை எடுக்கத் திரும்பிப் போனது பெனிசியா. இருவரும் வரவில்லை. மூன்றாம் நாள் கிடைத்தார்கள்.

பெட்டியும் கிடைத்தது. சேற்றைக் கழுவி, நினைவக அட்டையை எடுத்து உலர்த்தி, நேற்றுப் படித்தேன். நாட்குறிப்பு முழுசாக இருக்கிறது. மார்ச் பதினான்கிலிருந்து தினமும் மதியம் ஒரே வரி: "இங்கே உள்ளது 1.25. கிடங்கில் உள்ளது 1.3. இங்கே உள்ளதே புதியது." இருநூற்று முப்பது வரி. உட்கார்ந்து எண்ணினேன். கடைசி வரி அக்டோபர் இருபத்தொன்பது.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும், உன்னைத் தவிர இது புரிகிறவர்கள் எனக்கு யாரும் இல்லை.

அடக்கம் முடிந்து பெனிசியாவின் கணவர் சிரியாக்கோ என் வீட்டுக்கு வந்தார். மீன் பிடிக்கிற மனிதர், என்னிடம் பத்து வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "என்ஜினியரே, பெட்டி ரிப்பேர் ஆயிடுச்சா?" என்று கேட்டார். நான் "தண்ணி உள்ள போயிருச்சு" என்றேன். தலையை ஆட்டினார். "அதானே. அவ தெனம் தொடைச்சு வைப்பா. அவ மேல தப்பு இல்லன்னு ஊருல சொல்லிருங்க" என்றார்.

சொல்கிறேன் என்றேன்.

ஓவிதியோ


கோமொதோரோ, நவம்பர் 8

அண்ணா,

நாளைக் காலை ஆறரை பஸ்ஸில் கிளம்புகிறேன். புவனோஸ் ஐரெஸில் மாறி, பதினொன்றாம் தேதி பிற்பகல் கோயா வந்துவிடுவேன். நீ நிலையத்துக்கு வரவேண்டாம், இடுப்பு வலியோடு.

சிரியாக்கோவிடம் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று சொன்னாயே, அதை அவர் நம்பிவிட்டார். நம்பிக்கொண்டே இருக்கட்டும் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. நேற்று இரவு முழுக்க அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது மனைவி மேல் தப்பு இல்லை என்று சொல்லச் சொல்லி. தப்பு யார் மேல் என்று சொல்லாமல் அதை எப்படிச் சொல்வது?

அவருக்கு எப்படி விளக்குவது என்று இன்று காலையிலிருந்து தாளில் எழுதிப் பார்க்கிறேன். இருபத்தைந்து, மூன்று, புள்ளி, பூஜ்யம். எந்த வகையில் எழுதினாலும் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதாக வரவில்லை. அண்ணனும் தங்கையும் ஒரு எண்ணுக்காகச் சண்டை போட்டோம், நீங்கள் அந்தப் பெட்டிக்குக் கீழே இருந்தீர்கள் என்பதுதான் மிஞ்சுகிறது.

அதையே சொல்லிவிடுகிறேன். அவர் என்னை அடித்தால் தடுக்காதே. அடிக்காமல் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஹெபே